மொட்டின் உறக்கமும் குளிரின் கணக்கும்: மிதவெப்ப மண்டலப் பழமரம் நடத் தொடங்குவோருக்கு ஒரு வழிகாட்டி

ஆப்பிள், பேரி, பீச், பிளம்ஸ், செர்ரி, ஆப்ரிகாட் போன்ற இலையுதிர் பழமரங்களை முதன்முறையாக நட விரும்புவோர் மண், உரம், நீர் ஆகிய மூன்றைப் பற்றியே பெரும்பாலும் விசாரிக்கிறார்கள். இம்மூன்றையும் நட்ட பிறகும் ஓரளவு சரிசெய்துகொள்ளலாம். நட்ட பிறகு சரிசெய்யவே இயலாதது ஒன்று உண்டு. ஓர் இடத்தின் குளிர்காலம் தரும் குளிரின் அளவும், அங்கே நட்ட ரகம் கேட்கும் குளிரின் அளவும் பொருந்தாமல் போனால், மரம் தழைத்து உயர்ந்தாலும் பூப்பது ஒழுங்காக நடப்பதில்லை. பழத்துக்காகக் காத்திருந்த ஆண்டுகள் வீணாகின்றன. ஆகவே நிலத்தின் குளிரை முதலில் அளந்து, அதற்குப் பிறகே ரகத்தைத் தேட வேண்டும் என்ற வரிசையை இக்கட்டுரை தொடக்கம் முதலே வலியுறுத்துகிறது. நாற்றுப் பண்ணையில் கண்ணுக்கு அழகாக நிற்கும் செடியை வாங்கிவிட்டு அதற்கேற்ற குளிர் நம் நிலத்தில் கிடைக்குமா என்று பின்னர் யோசிப்பது, இத்துறையில் மிகப் பரவலாக நடக்கும், மிக எளிதாகத் தவிர்க்கக்கூடிய இழப்பு.

மொட்டுக்குள் என்ன நடக்கிறது

அடுத்த ஆண்டு மலரப்போகும் பூ, இந்த ஆண்டின் கோடையிலேயே மொட்டுக்குள் உருவாகத் தொடங்கிவிடுகிறது. குளிர்காலத்தின் நடுவில் ஆப்பிளின் பருத்த பூமொட்டு ஒன்றைக் கூரான பிளேடால் நீளவாக்கில் பிளந்து, கைக்கண்ணாடியின் கீழ் பிடித்துப் பாருங்கள். வெளியே பழுப்பு நிறச் செதில்கள் ஒன்றன்மேல் ஒன்றாக மூடியிருக்கும். அவற்றுக்கு அடியில் மெல்லிய மயிரிழைகள் போர்த்திய இளம் இலைகளும், அவற்றின் நடுவே பச்சை நிறத்தில் நெருங்கி நிற்கும் ஐந்தாறு பூக்களின் தொடக்க வடிவங்களும் தெரியும். ஆப்பிளிலும் பேரியிலும் இவ்வாறு ஒரே மொட்டுக்குள் பூவும் இலையும் சேர்ந்திருக்கின்றன. பீச்சில் பூமொட்டு தனி, இலைமொட்டு தனி. ஒரு கணுவில் மூன்று மொட்டுகள் இருந்தால், பெரும்பாலும் நடுவில் இருக்கும் ஒல்லியானது இலைமொட்டாகவும், இருபுறமும் உருண்டு திரண்டிருப்பவை பூமொட்டுகளாகவும் இருக்கும். இந்த வேறுபாட்டை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். குளிர் போதாத ஆண்டில் ஆப்பிள் ஒரு விதமாகவும் பீச் வேறு விதமாகவும் நடந்துகொள்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

இவ்வளவும் தயாராக இருந்தும் மொட்டு ஏன் உடனே விரிவதில்லை என்பதற்கு ஒரே விடை இல்லை. உறக்கத்தின் நிலைகளை லாங் என்ற தோட்டக்கலை ஆய்வாளரும் அவருடைய குழுவினரும் 1987ஆம் ஆண்டில் மூன்றாக வகுத்தார்கள். அந்தப் பகுப்பே இன்றும் பயன்பாட்டில் உள்ளது. முதலாவது சார்பு உறக்கம். கோடையில் ஒரு கிளையின் பக்கமொட்டுகள் விரியாமல் இருப்பதற்குக் கிளையின் நுனி அவற்றை அடக்கி வைத்திருப்பதே காரணம். நுனியைக் கிள்ளினால் அவை விரிந்துவிடும். இரண்டாவது அக உறக்கம். இங்கே தடை மொட்டுக்குள்ளேயே இருக்கிறது. நுனியை வெட்டினாலும், கிளையை வெதுவெதுப்பான அறையில் கொண்டுபோய் வைத்தாலும் மொட்டு அசையாது. நீண்ட நாள் குளிர் பட்டால் மட்டுமே இந்தத் தடை நீங்கும். மூன்றாவது சூழல் உறக்கம். உள்தடை நீங்கிவிட்டது, ஆனால் வெளியே இன்னும் குளிராக இருப்பதால் மொட்டு வெப்பத்துக்காகக் காத்திருக்கிறது. வெப்பம் வந்தவுடன் வளரத் தொடங்கும்.

இரண்டாவது நிலைக்கும் மூன்றாவது நிலைக்கும் வெளித்தோற்றத்தில் வேறுபாடே இல்லை. இலையற்ற மரம் இரண்டிலும் ஒரே மாதிரிதான் நிற்கிறது. ஆனால் ஒன்றில் மொட்டுக்குக் குளிர் வேண்டும், மற்றொன்றில் வெப்பம் வேண்டும். புதியவர்கள் செய்யும் பல தவறான முடிவுகள் இவ்விரண்டையும் ஒன்றாகக் கருதுவதிலிருந்தே பிறக்கின்றன.

குளிர் என்பது மரம் பொறுத்துக்கொள்ளும் ஒரு தொல்லை மட்டுமல்ல, அதற்குத் தேவையான ஒன்று என்பதை அமெரிக்க வேளாண்துறையில் புளூபெர்ரியை ஆராய்ந்த தாவரவியலாளர் ஃபிரெடரிக் கோவில் 1920ஆம் ஆண்டு வெளியிட்ட ஆய்வில் தெளிவாகக் காட்டினார். செடி உறங்கத் தொடங்குவதற்குக் குளிர் கட்டாயமில்லை என்றும், ஒருமுறை உறங்கிய செடி குளிர் படாமல் வெப்பத்திலேயே வைக்கப்பட்டால் மீண்டும் இயல்பாக வளர்வதில்லை என்றும் அவர் விளக்கினார். பின்னாளில் மெக்சிகோவில் கண்டறியப்பட்ட, குளிர்காலத்திலும் உறங்காமல் வளர்ந்துகொண்டே இருக்கும் ஒரு பீச் வகையை ஆராய்ந்தபோது, அதன் மரபணுத்தொகுதியில் அடுத்தடுத்து அமைந்த சில மரபணுக்கள் அழிந்துபோயிருப்பது தெரியவந்தது. டேம் என்று சுருக்கமாக அழைக்கப்படும் இந்த மரபணுக்கள் உறக்கத்தைக் கட்டிக்காப்பதில் பங்கு வகிக்கின்றன. குளிர் சேரச் சேர இவற்றின் செயல்பாடு தணிகிறது. உறக்கத்தை ஆழப்படுத்தும் அப்சிசிக் அமிலத்தின் அளவும் குளிர்காலம் முன்னேறும்போது குறைந்து வருகிறது. பயிரிடுவோருக்கு இதற்கு மேல் உயிர்வேதியியல் தேவையில்லை. மொட்டு உறங்கும்போதும் உள்ளே மாற்றம் நடந்துகொண்டே இருக்கிறது, அந்த மாற்றத்தைக் குளிரே முன்னெடுக்கிறது என்பது தெரிந்தால் போதும்.

முதல் படி: குளிரை எண்ணும் முறைகளைப் புரிந்துகொள்ளுதல்

ஒரு ரகத்துக்கு நானூறு மணி நேரக் குளிர் தேவை என்று விவரச்சீட்டில் எழுதியிருந்தால், அந்த எண் எந்த முறையில் கணக்கிடப்பட்டது என்பதை அறியாமல் அதை நம் நிலத்தின் எண்ணோடு ஒப்பிட முடியாது. பரவலாகப் பயன்படும் முறைகள் மூன்று.

மிகப் பழையதும் எளியதும் குளிர்மணிக் கணக்கு. காற்றின் வெப்பநிலை 7.2 டிகிரி செல்சியஸ் அல்லது அதற்குக் கீழே இருக்கும் ஒவ்வொரு மணி நேரத்தையும் ஒன்று என எண்ணிக் கூட்டுவது இதன் வழி. இதன் மற்றொரு வடிவத்தில் 0 முதல் 7.2 டிகிரி வரை உள்ள மணி நேரங்கள் மட்டுமே சேர்க்கப்படுகின்றன. இரண்டு வடிவங்களுக்கும் பெயர் ஒன்றே என்பதால், கடுங்குளிர் நிலவும் இடங்களில் இரண்டும் மிகவும் வேறுபட்ட எண்களைத் தரும் என்பதைப் பலர் கவனிப்பதில்லை.

இரண்டாவது, ரிச்சர்ட்சனும் அவருடன் பணியாற்றியவர்களும் அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் பீச் ரகங்களைக் கொண்டு 1974ஆம் ஆண்டு வகுத்த யூட்டா முறை. எல்லாக் குளிரும் சமமானதல்ல என்பது இதன் அடிப்படை. 2.5 முதல் 9.1 டிகிரி வரை ஒரு மணி நேரத்துக்கு ஒரு குளிர் அலகு, 1.5 முதல் 2.4 வரையும், 9.2 முதல் 12.4 வரையும் அரை அலகு, 1.4க்குக் கீழே போனால் ஒன்றுமில்லை, 12.5 முதல் 15.9 வரையும் ஒன்றுமில்லை. 16 முதல் 18 வரை அரை அலகு கழியும். 18க்கு மேல் ஒரு முழு அலகு கழியும்.

இந்த எண்கள் நடைமுறையில் என்ன செய்கின்றன என்பதை இரண்டு கற்பனை நாட்களைக் கொண்டு பார்க்கலாம். முதல் நாளில் இரவு பத்து மணி நேரம் 5 டிகிரி, மீதிப் பதினான்கு மணி நேரம் மேகமூட்டத்தால் 11 டிகிரி என்று வைத்துக்கொள்வோம். இரண்டாம் நாளில் இரவு அதே பத்து மணி நேரம் 5 டிகிரி. ஆனால் பகலில் வெயில் அடித்து, நான்கு மணி நேரம் 14 டிகிரியும், நான்கு மணி நேரம் 17 டிகிரியும், ஆறு மணி நேரம் 20 டிகிரியும் இருக்கின்றன. குளிர்மணிக் கணக்கில் இரு நாட்களுக்கும் மதிப்பு பத்துதான். யூட்டா முறையில் முதல் நாளுக்கு இரவில் பத்தும் பகலில் ஏழுமாகப் பதினேழு அலகுகள் கிடைக்கின்றன; இரண்டாம் நாளில் இரவில் சேர்ந்த பத்திலிருந்து, 17 டிகிரி நிலவிய நேரத்துக்கு இரண்டும் 20 டிகிரி நிலவிய நேரத்துக்கு ஆறும் கழிந்து, இரண்டு அலகுகளே எஞ்சுகின்றன. நாள் முழுவதும் வெப்பநிலை உறைநிலைக்குக் கீழே 2 டிகிரியில் நின்றால், யூட்டா முறையில் அந்த நாளின் மதிப்பு சுழியம். உறைபனி கொட்டினால் மரத்துக்கு நிறையக் குளிர் கிடைத்துவிட்டது என்று எண்ணுவோர் இந்தக் கணக்கை ஒருமுறை தாமே போட்டுப் பார்க்க வேண்டும். உறக்கத்தைக் கலைக்கும் பணியில் உறைநிலைக்குச் சற்று மேலே உள்ள மிதமான குளிரே பெரும்பங்கு ஆற்றுகிறது.

மூன்றாவது, ஃபிஷ்மன், எரெஸ், கூவியான் ஆகியோர் 1987ஆம் ஆண்டு வெளியிட்ட இயங்கு முறை. மிதமான குளிர்காலம் உள்ள இடங்களில் யூட்டா முறை வெப்பத்துக்கு மிக அதிகமாகக் கழித்துவிடுகிறது. சில இடங்களில் கூட்டுத்தொகை எதிர்மறையாகவே போய்விடும், ஆயினும் மரங்கள் பூக்கும். இக்குறையை இயங்கு முறை நீக்குகிறது. இதன்படி குளிர் முதலில் ஒரு நிலையற்ற இடைப்பொருளை உண்டாக்குகிறது; அதன்பின் வெயில் ஏறினால் அது அழிந்துவிடலாம். ஆனால் அது குறிப்பிட்ட அளவை எட்டிவிட்டால் ஒரு குளிர்ப்பங்காக நிலைபெற்றுவிடும். அதன்பிறகு எவ்வளவு வெப்பம் வந்தாலும் அந்தப் பங்கு குறையாது. கையில் உள்ள சில்லறை செலவாகிவிடக்கூடும், உண்டியலில் விழுந்த காசு திரும்பி வராது என்பதைப் போன்றது இது. பேனா தாளைக் கொண்டு இதைக் கணக்கிட இயலாது. ஆர் என்ற கட்டற்ற மென்பொருளில் இயங்கும் சில்ஆர் தொகுப்பு இதைச் செய்து தருகிறது, இதைக் கணக்கிடும் கணினி விரிதாள்களும் கிடைக்கின்றன.

குளிர்காலம் நெடுகிலும் சீரான குளிர் நிலவும் இடத்தில் இருப்பவர்களுக்குக் குளிர்மணிக் கணக்கே தொடக்கத்துக்குப் போதுமானது. பகலில் அடிக்கடி வெப்பநிலை 16 டிகிரியைத் தாண்டும் இடத்தில் இருப்பவர்கள் எளிமைக்காக அதைப் பற்றிக்கொள்வது ஆபத்து. அவர்கள் சிரமம் பாராமல் இயங்கு முறைக்கு வர வேண்டும் என்பதே என் உறுதியான கருத்து.

இரண்டாம் படி: உங்கள் நிலத்தின் குளிரை அளத்தல்

அருகிலுள்ள வானிலை நிலையத்தின் பதிவுகள் தொடக்கத்துக்கு உதவும். ஆனால் அவை உங்கள் தோட்டத்தின் பதிவுகள் அல்ல. குளிர்ந்த காற்று கனமானது என்பதால் இரவில் சரிவில் இறங்கிப் பள்ளத்தில் தேங்குகிறது; சரிவின் நடுப்பகுதியில் உள்ள மரத்துக்கும் பள்ளத்தில் உள்ள மரத்துக்கும் இடையே ஒரே தோட்டத்துக்குள்ளேயே கணிசமான வேறுபாடு இருக்கும். மணிக்கொருமுறை வெப்பநிலையைத் தானே பதிந்து சேமிக்கும் டேட்டா லாகர் ஒன்றை, தரையிலிருந்து ஏறத்தாழ ஒன்றரை மீட்டர் உயரத்தில், காற்றோட்டமுள்ள வெள்ளைக் கூட்டுக்குள், வெயில் நேரே படாதவாறு பொருத்துங்கள். சுவரை ஒட்டியோ தகரக் கூரைக்கு அருகிலோ வைத்தால் கிடைக்கும் எண் அந்தச் சுவரைப் பற்றியதாக இருக்குமே தவிர, மரத்தைப் பற்றியதாக இராது. தினசரி உச்ச, நீச வெப்பநிலைகள் மட்டுமே கிடைக்கும் இடங்களில், அவற்றிலிருந்து மணிவாரி வெப்பநிலையைத் தோராயமாக வருவிக்கும் வசதி மேற்சொன்ன மென்பொருள் தொகுப்பிலேயே உள்ளது.

எண்ணத் தொடங்கும் நாளையும் முடிவுசெய்ய வேண்டும். மரத்தின் இலைகளில் ஏறத்தாழப் பாதி உதிர்ந்த நாளிலிருந்து எண்ணுவது நடைமுறையில் வசதியானது. வட அரைக்கோளத்தில் நவம்பர் முதல் தேதியையும், தென் அரைக்கோளத்தில் மே முதல் தேதியையும் தொடக்கமாகக் கொள்ளும் வழக்கமும் உண்டு. எந்த நாளைத் தேர்ந்தாலும் ஆண்டுதோறும் அதையே பின்பற்றினால்தான் ஒப்பீடு சாத்தியமாகும்.

ஒரு குளிர்காலத்தின் கணக்கை வைத்துக்கொண்டு ரகம் தேர்வது கூடாது. பத்து ஆண்டுகளின் வானிலைப் பதிவுகளைத் திரட்டி, ஒவ்வொரு ஆண்டுக்கும் குளிரைக் கணக்கிட்டு, சராசரியைப் பார்க்காமல், பத்தில் ஒன்பது ஆண்டுகளில் நிச்சயமாகக் கிடைத்த அளவைப் பாருங்கள். குளிர் ஆய்வாளர்கள் இதைப் பாதுகாப்பான குளிரளவு என்கிறார்கள். சராசரிக்கு ஏற்ப ரகத்தைத் தேர்ந்தவரின் மரங்கள் ஏறக்குறைய இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை குளிர் போதாமல் தவிக்கும். பழமரம் இருபது, முப்பது ஆண்டுகள் நிற்கப்போவது. குளிர்காலங்கள் வெப்பமாகிவரும் இக்காலத்தில் அந்தப் பாதுகாப்பான அளவிலிருந்தும் இன்னும் கொஞ்சம் கழித்துக்கொள்வதே விவேகம்.

காற்றின் வெப்பநிலையும் மொட்டின் வெப்பநிலையும் ஒன்றல்ல என்பதையும் இங்கே சொல்ல வேண்டும். தெளிந்த வானமுள்ள பகலில் வெயில் நேரே படும் மொட்டு, சுற்றியுள்ள காற்றைவிடச் சில டிகிரிகள் கூடுதலாகச் சூடேறுகிறது. கலிஃபோர்னியாவின் மத்தியப் பள்ளத்தாக்கில் குளிர்காலத்தில் தரையோடு படியும் டூலி மூடுபனி, வெயிலை மறைத்து மொட்டுகளைக் குளிராக வைத்திருப்பதன் மூலம் அங்குள்ள பழத்தோட்டங்களுக்குப் பெருந்துணையாக இருந்துவந்துள்ளது. மூடுபனி நாட்கள் குறைவது அப்பகுதி விவசாயிகளுக்குக் கவலை தருவதன் காரணமும் இதுவே.

மூன்றாம் படி: ரகத்தைத் தேர்தல்

பயிரின் பெயரை மட்டும் வைத்துக் குளிர்த்தேவையை முடிவுசெய்ய முடியாது. ஒரே பயிருக்குள் ரகத்துக்கு ரகம் பெரும் வேறுபாடு உண்டு. இஸ்ரேலில் உருவாக்கப்பட்ட அன்னா என்ற ஆப்பிள் ரகத்துக்கு ஏறத்தாழ 200 முதல் 300 குளிர்மணிகள் போதும்; ரெட் டெலிஷியஸ் ரகத்துக்கு அதைப்போல மூன்று மடங்குக்கும் மேல் வேண்டும். பீச்சில், ஃபுளோரிடா பல்கலைக்கழகம் உருவாக்கிய ஃபுளோர்டாபிரின்ஸ் 150 குளிர்மணிகள் அளவிலேயே பூக்கும். பழைய எல்பர்ட்டா ரகத்துக்கு 800 அளவில் தேவை. புளூபெர்ரியில் வடக்கத்திய உயர்புதர் வகைகள் 800 முதல் 1000 மணிகள் வரை கேட்கின்றன. அவற்றோடு வெப்பப் பகுதிக் காட்டினங்களைக் கலந்து உருவாக்கிய தெற்கத்திய உயர்புதர் வகைகளில் பல, 150 முதல் 500 மணிகளுக்குள் திருப்தியடைகின்றன. செர்ரி பொதுவாக அதிகக் குளிர் கேட்கும். பாதாம் குறைவாகக் கேட்கும். அத்தியும் மாதுளையும் மிகக் குறைவாகவே கேட்கும்.

குளிர்த்தேவை குறைந்த ரகத்தை நட்டால் எங்கும் பாதுகாப்பு என்று முடிவுகட்டிவிடக் கூடாது. கடுங்குளிர் நிலவும் இடத்தில் அத்தகைய ரகத்தின் அக உறக்கம் குளிர்காலத்தின் பாதியிலேயே முடிந்துவிடும்; இடையில் நான்கு நாட்கள் வெயில் அடித்தால் மொட்டு விரியத் தொடங்கும்; அதன்பின் வரும் உறைபனி அனைத்தையும் கருக்கிவிடும். மொட்டு விரிய விரிய அதன் தாங்குதிறன் வேகமாகக் குறைகிறது. ஆப்பிளின் மொட்டுநுனி வெள்ளி நிறம் காட்டும் நிலையில் உறைநிலைக்குக் கீழே 9 டிகிரி அளவில்தான் பத்தில் ஒரு பங்கு மொட்டுகள் சாகின்றன. முழுமையாகப் பூத்த நிலையிலோ உறைநிலைக்குக் கீழே 2.2 டிகிரியில் அரை மணி நேரம் இருந்தாலே அதே இழப்பு நேர்கிறது, 3.9 டிகிரி கீழே போனால் பத்தில் ஒன்பது பங்கு அழிந்துவிடும். அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில் 2017ஆம் ஆண்டு பீச் விளைச்சலின் பெரும்பகுதி அழிந்தபோது, ஒருபுறம் குளிர் போதாத குளிர்காலமும் மறுபுறம் மார்ச் மாத உறைபனியும் சேர்ந்து தாக்கின. ஆகவே நிலத்தின் பாதுகாப்பான குளிரளவுக்குச் சற்றுக் கீழே, ஆனால் வெகுவாகக் கீழே இல்லாத குளிர்த்தேவை உள்ள ரகத்தையே தேர்ந்தெடுங்கள்.

அயல்மகரந்தச் சேர்க்கை தேவைப்படும் பயிர்களில் துணை ரகத்தின் குளிர்த்தேவையும் முக்கிய ரகத்தின் தேவையோடு நெருங்கியிருக்க வேண்டும். அன்னாவுடன் டார்செட் கோல்டன் அல்லது ஐன் ஷெமர் நடப்படுவது இதனால்தான். குளிர் போதாத ஆண்டில் இரு ரகங்களும் வெவ்வேறு அளவில் தாமதமாவதால், வழக்கமாக ஒன்றாகப் பூப்பவையும் பிரிந்துபோகக்கூடும். பிஸ்தாவில் ஆண் மரம் தனி, பெண் மரம் தனி என்பதால் இந்தப் பிரிவு கடுமையாகப் பாதிக்கிறது. கலிஃபோர்னியாவின் 2015ஆம் ஆண்டுப் பிஸ்தா விளைச்சல் முந்தைய ஆண்டின் ஏறக்குறைய பாதியாகச் சுருங்கியதற்கு, மிதமான குளிர்காலத்தால் நேர்ந்த இக்கோளாறும் ஒரு முக்கியக் காரணம்.

செடி வாங்கும்போது ஓர் எச்சரிக்கை. மண்ணில்லாமல் வெறும் வேரோடு விற்கப்படும் செடிகள் பெரும்பாலும் குளிர்ப்பதனக் கிடங்கில் வைக்கப்பட்டவை. அவற்றின் குளிர்த்தேவை கிடங்கிலேயே நிறைவேறியிருக்கும். நட்ட முதல் இளவேனிலில் அவை எங்கும் அழகாகத் துளிர்க்கும். அதைக் கண்டு ரகம் நம் நிலத்துக்குப் பொருந்திவிட்டது என்று முடிவுகட்டி, அதே ரகத்தில் மேலும் செடிகள் வாங்கிவிடாதீர்கள். நிலத்தின் சொந்தக் குளிரை மட்டும் பெற்று வரும் இரண்டாம் இளவேனில்தான் உண்மையான தேர்வு.

நான்காம் படி: உறக்கம் முடிந்ததா என்று மொட்டையே கேட்டறிதல்

கணக்குகள் எவ்வளவு நுணுக்கமாக இருந்தாலும் அவை ஊகமே; மொட்டு சொல்வதே தீர்ப்பு. குளிர்காலத்தின் நடுப்பகுதியிலிருந்து பத்து நாட்களுக்கு ஒருமுறை, கடந்த பருவத்தில் வளர்ந்த கிளைகளில் பென்சில் பருமனுள்ள, ஒரு சாண் அல்லது சற்றுக் கூடுதல் நீளமுள்ள பத்துக் குச்சிகளை, ஒரே மரத்திலிருந்து எடுக்காமல் பல மரங்களிலிருந்து வெட்டிக்கொள்ளுங்கள். அடிப்பகுதி நீரில் நிற்குமாறு ஒரு கலத்தில் வைத்து, 20 முதல் 25 டிகிரி வெப்பமும் நல்ல வெளிச்சமும் உள்ள அறையில் வையுங்கள். மூன்று நாட்களுக்கு ஒருமுறை நீரை மாற்றி, அடிநுனியைச் சிறிதளவு புதிதாக வெட்டிவிடுங்கள். இல்லாவிட்டால் வெட்டுவாய் அழுகி, நீர் ஏறாமல் குச்சி காய்ந்துவிடும்.

இரண்டு, மூன்று வாரங்களில் மொட்டுகளின் நுனியில் பச்சை தெரிகிறதா என்று எண்ணுங்கள். பாதி அல்லது அதற்கு மேற்பட்டவை பச்சை காட்டினால், அந்தக் குச்சிகளை வெட்டிய நாளில் அக உறக்கம் முடிந்திருந்தது என்று கொள்ளலாம். முதல் முறை வெட்டியவற்றில் எதுவும் அசையாமல், அடுத்த முறை வெட்டியவற்றில் நுனிமொட்டு மட்டும் விரிந்து, அதற்கும் அடுத்த முறை பக்கமொட்டுகளும் சேர்ந்து விரிவதை வரிசையாகக் காணும்போது, இதுவரை எண்ணாக மட்டும் இருந்த குளிர்த்தேவை கண்ணுக்குத் தெரியும் ஒன்றாகிவிடும். இச்சோதனையைத் தவிர்க்காமல் செய்யும்படி ஒவ்வொரு புதியவரையும் கேட்டுக்கொள்கிறேன்; செலவில்லாத இந்த வேலை தரும் தெளிவு வேறெதிலும் கிடைப்பதில்லை.

ஒன்றும் விரியாத குச்சிகளில் சில மொட்டுகளைக் குறுக்கே அரிந்து பாருங்கள். உட்பகுதி பச்சையாக இருந்தால் மொட்டு உயிரோடு உறங்குகிறது. நடுவில் பழுப்புப் புள்ளியோ கருமையோ இருந்தால் அது உறைபனியால் இறந்தது. குளிர் போதாமையையும் உறைபனிச் சேதத்தையும் வேறுபடுத்த இதுவே எளிய வழி.

உறக்கம் முடிந்த பின் மொட்டு வெப்பத்தை எண்ணத் தொடங்குகிறது. குளிர் தாராளமாகக் கிடைத்த ஆண்டில் சிறிதளவு வெப்பத்திலேயே மரம் முழுதும் ஒரே வீச்சில் பூத்துவிடும்; குளிர் இழுபறியாகக் கிடைத்த ஆண்டில் கூடுதல் வெப்பம் வேண்டியிருப்பதால், வெளியே வெயில் ஏறிய பிறகும் மரம் மந்தமாகவே இருக்கும்.

ஐந்தாம் படி: குளிர் போதாத அறிகுறிகளை இனங்காணுதல்

ஆப்பிளில் நுனிமொட்டுக்குப் பக்கமொட்டைவிடக் குறைந்த குளிரே போதும். ஆகவே குளிர் போதாத மரத்தில் கிளைகளின் நுனியில் மட்டும் இலைக்கொத்து இருக்கும். கீழே கிளை நெடுக வெறுமையாகக் கிடக்கும். பூப்பது ஒரு வாரத்தில் முடியாமல் பல வாரங்கள் நீளும். ஒரே கிளையில் பூவும், பிஞ்சும், விரியாத மொட்டும் சேர்ந்திருக்கும். இதனால் அறுவடையும் சிதறிப்போகும். பீச்சிலும் ஆப்ரிகாட்டிலும் பூமொட்டுகள் விரியாமலேயே உதிர்வது அதிகம். மரத்தடியில் செதிலோடு கூடிய சிறு மொட்டுகள் சிந்திக் கிடப்பதைக் காணலாம். பூத்த மரத்திலும் இலை வரத் தாமதமானால், பிஞ்சுக்கு உணவூட்ட ஆளில்லாமல் அதுவும் உதிர்ந்துவிடும். இந்த அறிகுறிகளைச் சத்துக்குறைபாடு என்று எண்ணி உரம் இடுவதால் பயனில்லை.

ஆறாம் படி: பற்றாக்குறையை ஓரளவு ஈடுகட்டுதல்

முதலில் செலவில்லாத வழிகள். கோடையின் பிற்பகுதியில் தழைச்சத்தைக் குறைத்து, நீரையும் மட்டுப்படுத்தினால், மரம் காலத்தோடு வளர்ச்சியை நிறுத்தி இலையுதிர்க்கும். மிதமான குளிர்காலத்தில் இலைகள் உதிராமல் ஒட்டிக்கொண்டிருந்தால் அவற்றைக் கையால் உருவிவிடலாம். கவாத்தைக் குளிர்காலத்தின் இறுதிக்குத் தள்ளிவைப்பதும், செங்குத்தான கிளைகளைக் கயிற்றால் வளைத்துக் கிடைவாட்டில் கட்டுவதும் பக்கமொட்டுகள் விரிய உதவும். வெயில் கடுமையான குளிர்காலப் பகல்களில் நிழல்வலை விரிப்பதும், வெள்ளைக் களிமண் கரைசல் தெளிப்பதும் மொட்டின் சூட்டைத் தணிக்கும்.

இரசாயன வழிகளில் மிகவும் வலிமையானது ஹைட்ரஜன் சயனமைடு. கனிம எண்ணெய், பொட்டாசியம் நைட்ரேட், தயோயூரியா ஆகியவையும் பயன்பாட்டில் உள்ளன. இவை எவையும் குளிருக்கு முழு மாற்றாகா. தேவையான குளிரில் பெரும்பகுதி கிடைத்துவிட்ட மரத்தை எஞ்சிய தொலைவு தள்ளிவிடுவதற்கு மட்டுமே உதவும். மொட்டு இயல்பாக விரியக்கூடிய நாளுக்கு ஏறத்தாழ நான்கு முதல் ஆறு வாரங்களுக்கு முன்பு தெளிக்க வேண்டும். மொட்டு பருக்கத் தொடங்கிய பின் தெளித்தால் பூமொட்டுகள் கருகிவிடும். ஹைட்ரஜன் சயனமைடு மனிதருக்கும் கடும் நச்சு. தோலிலும் கண்ணிலும் பட்டால் புண்ணாகும். தெளிப்பதற்கு முன்னும் பின்னும் சில நாட்களுக்குள் மது அருந்தினால் உடலில் ஆபத்தான எதிர்வினை உண்டாகும். ஐரோப்பிய ஒன்றியம் 2008ஆம் ஆண்டிலேயே இதற்கு அனுமதி மறுத்துவிட்டது. வீட்டுத் தோட்டத்தில் நாலைந்து மரம் வைத்திருப்பவர் இதன் பக்கமே போக வேண்டாம் என்று மன்றாடிச் சொல்கிறேன். பெருந்தோட்டம் வைத்திருப்பவரும் தம் நாட்டில் இதற்கு அனுமதி உண்டா என்று உறுதிசெய்துகொண்டு, பயிற்சி பெற்றவரைக் கொண்டே முழுப் பாதுகாப்பு உடையுடன் தெளிக்க வேண்டும்.

குளிரே இல்லாத வெப்பமண்டல மேட்டுநிலங்களில் வேறொரு உத்தி கையாளப்படுகிறது. இந்தோனேசியாவின் கிழக்கு ஜாவாவில், மாலாங் நகருக்கு அருகிலுள்ள ‘பத்து’ என்ற பெயருடைய பகுதியில், அறுவடை முடிந்ததும் ஆப்பிள் மரத்தின் இலைகளைக் கையால் அகற்றிவிடுகிறார்கள். மொட்டு இன்னும் சார்பு உறக்கத்திலேயே இருப்பதால், அக உறக்கத்துக்குள் இறங்கும் முன்பே தூண்டப்பட்டு மீண்டும் பூக்கிறது. ஆண்டுக்கு இருமுறை அறுவடை கிடைக்கிறது. நேரம் தவறாமல் செய்தால் மட்டுமே இது பலிக்கும்.

ஏழாம் படி: பதிவேடும் அதன் பயனும்

ஒவ்வோர் ஆண்டும் இலை பாதி உதிர்ந்த நாள், குச்சிச் சோதனையில் பாதி மொட்டுகள் விரிந்த நாள், முதல் பூ விரிந்த நாள், பெரும்பாலான பூக்கள் விரிந்த நாள், கடைசிப் பூ உதிர்ந்த நாள் ஆகியவற்றை ரகவாரியாகக் குறித்து, அந்தக் குளிர்காலத்தின் கூட்டுத்தொகையை அருகே எழுதிவையுங்கள். முதல் பூவுக்கும் கடைசிப் பூவுக்கும் இடைப்பட்ட நாட்கள் எந்த ரகத்தில் ஆண்டுதோறும் நீண்டுகொண்டே போகின்றனவோ, அந்த ரகத்துக்கு உங்கள் நிலத்தின் குளிர் போதவில்லை.

நான்கைந்து ஆண்டுப் பதிவுகள் ஒரு ரகத்துக்கு எதிராகவே இருந்தால் மரத்தை வேரோடு பிடுங்க வேண்டியதில்லை. வேரும் அடிமரமும் நலமாக இருக்கும் நிலையில், குளிர்த்தேவை குறைந்த ரகத்தின் ஒட்டுக்குச்சிகளை அதன்மேல் கட்டலாம். ஒட்டுக்குச்சிகளை அவை முழுமையாக உறங்கும்போதே வெட்டி, ஈரத்துணியில் சுற்றி, பை ஒன்றில் இட்டுக் குளிர்பெட்டியில் வைத்திருந்து, தாய்மரத்தின் பட்டை எளிதாகக் கழலத் தொடங்கும் இளவேனிலில் ஒட்டுங்கள். அதே பெட்டியில் ஆப்பிள் போன்ற பழங்களை வைக்காதீர்கள். அவை விடும் எத்திலீன் வாயு மொட்டுகளைக் கெடுத்துவிடும். தாய்மரத்தின் எல்லாக் கிளைகளையும் ஒரே ஆண்டில் வெட்டிவிடாமல், வேருக்கு உணவு அனுப்புவதற்காக ஓரிரு பழைய கிளைகளை விட்டுவைத்து, புதிய ஒட்டுகள் நன்றாகப் பிடித்துத் தழைத்த அடுத்த ஆண்டில் அவற்றை நீக்குங்கள்.